ஆள் இருக்கு

“இதில ஆள் இருக்கோ பிள்ளை?”

“ஓம் அம்மா, ஆள் இருக்கு.”

இவ்வளவுதான் பேச்சு. கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, மாலை 5.40. மன்னார் பஸ் நிலையம். கேட்டவள், கருவாடு விற்றுவிட்டு வெறும் பனையோலைக் கடகத்தோடு வந்த செலீனா. பதில் சொன்னவள், மருந்துக்கடையில் வேலை செய்யும் துசாந்தினி. பதில் பொய். மற்றபடி இந்தக் கதையில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நம்பாதவர்கள் அந்த 5.40 பஸ்ஸில் ஒருநாள் ஏறிப் பார்க்கலாம்.

துசாந்தினி கெட்டவள் இல்லை. அன்றிரவு அவளைப் பெண் பார்க்கப் பேசாலையிலுள்ள அவள் வீட்டுக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. புதுச் சேலை. கருவாட்டு வாடை ஒட்டிவிடுமே என்று பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்துக்கொண்டாள். செலீனா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். பிறகு அதை விழுங்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்தபடி, தான் இறங்கவேண்டிய தோட்டவெளி வரை நின்றே போனாள். அந்த இருக்கைக்கு ஒருவரும் வரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் துசாந்தினியைப் பிடித்துப்போயிற்று. அவளுக்குத்தான் தேநீர் நீட்டும்போதுகூட செலீனாவின் முகம் கண்ணுக்குள் நின்றது.

திங்கட்கிழமை. அதே பஸ். மழை, நெரிசல். இந்த முறை துசாந்தினியின் கைப்பை மடியில் இருந்தது. செலீனா ஏறியதும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திவிட வேண்டும். அப்போதுதான் மனம் ஆறும்.

செலீனா வரவில்லை. பஸ் புறப்பட்டது.

வயிற்றுப்பிள்ளைக்காரி ஒருத்தி தள்ளாடி நின்றாள்.

“இதில இருங்கோ அக்கா.”

அவள் இருக்கையைப் பார்த்தாள். “ஆள் இருக்கே தங்கச்சி.” நகர்ந்துவிட்டாள்.

துசாந்தினி பின்னால் நின்ற பெரியவரைக் கூப்பிட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“என்ன பிள்ளை, நக்கலே? அந்த மனுசியின்ர மடியிலயோ நான் இருக்கிறது?”

நாலு பேர் சிரித்தார்கள்.

துசாந்தினி திரும்பிப் பார்த்தாள். வெறும் இருக்கை.

5.58. கருவாட்டு வாடை வந்தது.

கண்டக்டர் ஜெனோஜன் டிக்கெட் கிழிக்க வந்தான். அவள் காசை நீட்டியபடி கேட்டாள்.

“தம்பி… அந்தக் கருவாட்டு அம்மா எங்க?”

“செலீனாம்மாவோ? உங்களுக்குத் தெரியாதே? வெள்ளிக்கிழமை தோட்டவெளியில இறங்கினவ. பஸ் தரிப்பிடத்தில இருந்தபடியே சீவன் போயிட்டுது. நேற்றுத்தான் அடக்கம்.”

“சொந்தக்காரர்…?”

“மகள் ஒருத்தி வெளிநாட்டில. இன்னும் அறிவிக்கேல்ல. கையில நம்பர் எழுதின துண்டு ஒண்டு இருந்தது, அக்கா. அண்டிரவு மழையில கரைஞ்சு ஒரு எழுத்தும் விளங்கேல்ல.”

அவன் போய்விட்டான்.

6.09. பஸ்ஸுக்குள் விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது.

பக்கத்து மெத்தை… மெல்ல… அமுங்கியது.

அவள் திரும்பவில்லை.

தோளில் ஈரம்.

காதருகே மூச்சு. பிறகு குரல்… தயங்கித் தயங்கி…

“பிள்ளை… அண்டைக்கே கேக்க வந்தனான். உன்ர போனில என்ர மகளுக்கு ஒருக்கா எடுத்துத் தாறியே? நம்பரை நான் சொல்லுறன்…”