ஆறு மாடி இறங்குவது எப்படி

எனக்குக் காதுக்குள் ஏதோ கோளாறு. படுத்துவிட்டு எழுந்தால் வீடு சுற்றும். அண்ணாந்து பார்த்தால் கூரை சுற்றும். சில நாள் ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுற்றும். டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, சுற்றும்போது இதைப் போட்டுக்கொண்டு படுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். ஆகவே நாட்டையே உலுக்கிய நிலநடுக்கம் வந்த அந்த மத்தியானம் நீ என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

என் கணவர் செய்தது இன்னும் மோசம். தாமுவேயில் எங்கள் வீடு ஆறாம் மாடி, லிஃப்ட் கிடையாது. யாங்கூனில் மாடி ஏற ஏற வாடகை குறையும் என்பதால் எங்களைப் போன்றவர்கள் எல்லாம் ஆகாயத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம். தெருவில் எல்லா பால்கனிகளிலிருந்தும் தொங்குவதுபோல எங்கள் பால்கனியிலிருந்தும் ஒரு கயிறு கீழே வரை தொங்கும். கீழ்நுனியில் ஒரு கிளிப், மேல்நுனியில் ஒரு மணி. கீழே நின்று இழுத்தால் மேலே மணி அடிக்கும். பேப்பர், டீ, வெற்றிலை எல்லாம் அதில்தான் ஏறி வரும். ஆற்றங்கரைக் கிடங்கில் மூட்டை தூக்கித் தூக்கி இரண்டு முழங்காலும் போன பிறகு என் கணவர் படி இறங்குவதையே விட்டுவிட்டார். பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு அங்கிருந்தபடியே தெருவை நிர்வாகம் செய்துவந்தார்.

அன்று மணி தானாக அடித்தது. எங்கள் மணி மட்டுமில்லை, தெரு முழுக்க எல்லா மணிகளும் அடித்தன. யாரோ கயிற்றைப் பிடித்து விளையாடுகிறார்கள் என்று நினைத்து இவர் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்து, பர்மிய மொழியில் தமக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளில் உயர்ந்த ரகமாகப் பொறுக்கி எடுத்துத் திட்டியிருக்கிறார். கீழே கட்டடம் மொத்தமும் தெருவில் நின்று இவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடியில் இருக்கும் பர்மியப் பெண், "ஊலே, ஙலியின்! ஙலியின்!" என்று கத்தினாளாம். ஊலே என்றால் மாமா, ஙலியின் என்றால் நிலநடுக்கம். அது இவருக்கு உறைப்பதற்குள் ஆட்டம் நின்றுவிட்டது. நிலநடுக்கத்தை முகத்துக்கு நேரே திட்டிய ஆள் இந்த ஊரில் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பிறகு எங்கள் மகள் போன் செய்தாள். அவள் துருக்கியில், மத்தியதரைக் கடலோரத்தில் ஓர் ஊரில், ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அதுவும் அடிக்கடி ஆடுகிற பூமிதான். அவள் போன புதிதில் அங்கே லேசாக ஆடினாலே நான் இங்கே மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வேன். அவளோ அங்கே புரண்டு படுத்துத் தூங்கிவிடுவாள். அப்புறம் ஒரு குளிர்காலத்தில், அவள் ஊருக்குக் கிழக்கே, பெரிதாக வந்தது. இவள் இருந்த இடத்தில் சுவரில் விரிசலோடு போயிற்று. ஆனால் கூட வேலை பார்த்தவள் ஒருத்தி, அண்ணன் வீட்டாரை ஒருவர் மிச்சமில்லாமல் பறிகொடுத்தாள். அதற்குப் பிறகு என் மகள் இந்த விஷயத்தில் சிரிப்பதே இல்லை.

"கீழ இறங்கிட்டீங்களாம்மா?"

"எதுக்கு?"

"பூமி ஆடுச்சுல்லம்மா!"

"அப்படியா? நான் தலைசுத்தல்னு மாத்திர போட்டுப் படுத்துட்டேன்."

 "அப்பா?" என்றாள்.

"அவரு பால்கனியில நின்னு யாரையோ திட்டிக்கிட்டிருந்தாரு."

அவள் அழுதுவிட்டாள். நானோ மாத்திரையின் மப்பில், இவள் எதற்கு அழுகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் மாந்தளையிலிருந்து படங்கள் வரத் தொடங்கியபோதுதான் எனக்கும் அழுகை வந்தது. எங்கள் கட்டடம் மாதிரியே ஒரு கட்டடம். அதே பச்சை பெயின்ட், அதே குறுகலான பால்கனி, காயப்போட்ட துணிகூட அப்படியே இருந்தது. மாடிகள் மட்டும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. இவர் போனை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார். அன்று அதற்குமேல் தெருவை நிர்வாகம் செய்யவில்லை.

மறுநாளிலிருந்து மகள் எங்களுக்குப் பாடம் நடத்தினாள். துருக்கியில் வீட்டுக்கு வீடு வாசலருகே ஒரு பை தயாராக இருக்குமாம். தண்ணீர், விசில், டார்ச், மாத்திரை, அடையாள அட்டை. நானும் ஒரு பை வைத்தேன். இவர் முருகன் படத்தை வைக்கச் சொன்னார். சட்டம் போட்ட பெரிய படம் அது, வைத்தால் வேறெதற்கும் இடமில்லை. முருகனுக்கு மயில் இருக்கிறது, அவர் தானாக வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டேன். பையில் போட்ட பிஸ்கட்டை மூன்றாம் நாளே டீயோடு தின்றுவிட்டோம்.

அடுத்த பாடம் தூண். துருக்கியில் தரைத்தளக் கடைக்காரர்கள் கடையை அகலமாக்குவதற்காகத் தூணையே வெட்டியிருந்தார்களாம், அப்படிப்பட்ட கட்டடங்கள்தான் முதலில் உட்கார்ந்தனவாம். "கீழ போயி தூணெல்லாம் இருக்கான்னு பாருங்கம்மா" என்றாள். போய்ப் பார்த்தேன். கீழே டீக்கடை. நான் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்ததைக் கண்டு கடைக்காரர், நான் முனிசிபாலிட்டிக்குப் புகார் எழுதப்போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, கேட்காமலேயே ஒரு டீ கொடுத்தார். தூண்கள் இருந்தன. அவற்றுக்குள் கம்பி இருக்கிறதா என்பதைக் கட்டியவன்தான் சொல்ல வேண்டும்.

கடைசியில் மகள் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "மறுபடி வந்தா அப்பா எப்படிம்மா இறங்குவாரு?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. இவர் நாற்காலியிலிருந்தே பதில் சொன்னார். "நான் எங்கயும் இறங்கல. ஆடுச்சுன்னா ஒங்கம்மா போகட்டும். நான் இருந்துக்கிறேன்."

இப்படி ஒரு வசனம் தம் வாயிலிருந்து வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மிங்கலாடோனில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னார். பால்கனியிலிருந்து டீக்கடைக்காரரிடம் கத்திச் சொன்னார். மூன்றாம் மாடிப் பெண் குழம்பு கொடுக்க வந்தபோது அவளிடம் பர்மிய மொழியில் இன்னும் உருக்கமாகச் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அப்ப நீங்க போயிடுவீங்களா, அமா?" என்று கேட்டாள். அக்கா என்றுதான் கூப்பிட்டாள், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கட்டடத்தில் அவருக்குத் தியாகி பட்டம் கிடைத்துவிட்டது. எனக்கு என்ன பட்டம் காத்திருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேறு வீடு பார்ப்போம் என்றேன். தரைத்தளத்தில் மழைக்காலத்தில் சாக்கடை உள்ளே வரும் என்றார். ஷ்வேப்யிதாவில் என் அக்கா வீடு மண்தரை, ஓட்டுக்கூரை, அங்கே கொஞ்ச நாள் இருப்போம் என்றேன்.

"ஒங்கக்கா வீட்டுக்கா? அதுக்கு இங்கனயே நசுங்கிச் சாகலாம்."

சரி, இறங்கிப் பழகவாவது செய்யுங்கள் என்று ஒருநாள் அவரை வாசலுக்கு இழுத்துவந்தேன். நின்றபடி இறங்க முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து, ஒரு படிக்கு ஒரு ஐயோவாக இறங்கினார். ஐந்தாம் மாடி வருவதற்குள் அடுப்பில் வைத்த சோறு அடிப்பிடித்துவிட்டது. திரும்ப ஏறுவதற்கு எதிர்வீட்டுக்காரர் வந்து கைகொடுக்க வேண்டியிருந்தது. நாற்காலியில் விழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "போதுமா? பாத்துட்டியா?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அன்றுதான் சத்தியம் கேட்டார். வேடிக்கை எல்லாம் இல்லாமல், மெதுவாகக் கேட்டார்.

"ஆடுச்சுன்னா நீ போயிரணும். எனக்காக நிக்கக் கூடாது. புள்ள மேல சத்தியம் பண்ணு."

"மாட்டேன்."

"அங்க தனியாக் கெடக்குது அது. ரெண்டு பேருமா போயிட்டா அதுக்கு யாரு இருக்கா? ஒருத்தராவது வேணாமா?"

 அவரைத் தூக்கவும் என்னால் முடியாது, பக்கத்தில் உட்கார்ந்து சாவதாலும் யாருக்கும் பிரயோஜனமில்லை. கணக்கு அவர் சொன்னபடிதான் வந்தது. அழுதுகொண்டே சத்தியம் செய்தேன். செய்துவிட்டு, இத்தனை வருஷம் இந்த மனிதரோடு குப்பை கொட்டியதற்கு இப்படி ஒரு சத்தியமா என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. துணி தைக்க உட்கார்ந்தால் மெஷின் அதிரும்போதெல்லாம் பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன். அவரை விட்டுவிட்டு எந்தப் படியில் கால் வைப்பேன், எந்தப் படியில் திரும்பிப் பார்ப்பேன் என்று மனசுக்குள் ஓடும்.

சில வாரம் கழித்து, வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் வாசல் கதவையும் இரும்புக் கதவையும் விரியத் திறந்துபோட்டுவிட்டுப் பின்கட்டில் குளிக்கப் போனேன். தரை வழுக்கும் என்று செருப்போடுதான் போனேன். தமெய்னை, பர்மியப் பெண்கள் கட்டும் லுங்கி அது, மார்புவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு தலையில் நாலு சொம்பு ஊற்றியிருப்பேன், சுற்றியது. வழக்கம்போலத் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். காதுக்குள் ஒரே இரைச்சல், விட்டு விட்டு வெகுநேரம் சுற்றியது. ஆனால் தண்ணீர் என் காலில் வந்து கொட்டியது. கண்ணைத் திறந்தால் தொட்டித் தண்ணீர் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் மோதித் தளும்பிக்கொண்டிருந்தது. என் காதுக் கோளாறுக்குத் தொட்டியை ஆட்டும் சக்தி கிடையாது.

"ஏங்க!" என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன். சத்தியம் எல்லாம் நினைவுக்கே வரவில்லை. பால்கனியில் நாற்காலி காலியாக இருந்தது.

கட்டிலுக்குக் கீழே பார்த்தேன். மேஜைக்குக் கீழே பார்த்தேன். சமையலறைக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். நடக்க முடியாத மனிதர் எங்கே போவார்? பால்கனிக் கம்பி எவ்வளவு தாழ்வு என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எட்டிப் பார்க்கப் பயந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டம் நின்றுவிட்டிருந்தது, என் உடம்பு நிற்கவில்லை. கும்பிட்டுக்கொண்டே குனிந்து பார்த்தேன்.

டீக்கடை வாசலில், குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில், பனியனும் லுங்கியுமாக என் கணவர் உட்கார்ந்திருந்தார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு கோபம் வந்தது. அவசரத்திலும் நான் உடம்பைத் துடைத்து, புடவை கட்டி, பொட்டு வைத்துக்கொண்டேன் என்றால், அது அவரைச் சபையில் வைத்துக் கிழிக்கப்போகிற உற்சாகம். ஓர் ஆட்டத்துக்கு ஆறு மாடியையும் பறந்து கடந்த தியாகி! ஒவ்வொரு மாடியிலும் ஒரு வாக்கியம் தயார் செய்தேன். என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு தாம் ஓடிய கதையை மிங்கலாடோன் தம்பிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இரண்டாம் மாடியில் தோன்றியது. கடைசிப் படிக்கட்டில் அவருடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

தெருவில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஊலே எங்களையெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டு ஓடினாரு" என்றாள் மூன்றாம் மாடிப் பெண். அவர் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் இரண்டும் வீங்கிப் புடைத்திருந்தன. தொடை நடுங்கிய நடுக்கத்தில் ஸ்டூல் தரையில் தடதடவென்று அடித்துக்கொண்டது. படிக்கட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு முனையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் முன்னால் நின்றதும் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது.

"எங்கடி போன நீ?"

"குளிச்சுக்கிட்டிருந்தேன்."

"கதவு தொறந்து கெடக்குது. ஒன் செருப்பக் காணோம். கூப்புடுறேன், கூப்புடுறேன், சத்தமில்ல. போயிட்டேன்னு நெனச்சேன்."

"போகச் சொன்னது நீங்கதானே? புள்ள மேல சத்தியம் வாங்குனது நீங்கதானே?"

டீக்கடை முழுக்க எங்களையே பார்த்தது. அவர் குரலைத் தாழ்த்தவில்லை. கண் இரண்டும் சிவந்து நிரம்பியிருந்தன.

"நான் சொன்னா? நான் சொன்னா போயிருவியா நீ?"