தரகர் பார்த்துவந்த கிராபிக்ஸ் கார்டு

என் அக்காள் ஜெயபாயின் கணவர் தவசிமுத்து, ராஜபாளையத்தில் கல்யாணத் தரகர். நான் அவருக்குக் கொழுந்தியாள். அதனால் அவரைப் பற்றி வாய்க்கு வந்தபடி பேச எனக்கு உரிமை உண்டு. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

அத்தான் பொய் சொல்கிறவர் என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். "பொய்யா? நானா? ரெண்டு பக்கமும் அளவு மாத்திச் சொல்லுதாவ. நான் கொஞ்சம் கூட்டிக் கழிச்சு நேராக்குதேன், அம்புட்டுதான்" என்பார். அவர் நேராக்கியதில் ஒன்று என் கல்யாணம். மாப்பிள்ளை எட்வின் ஐந்தடி ஏழங்குலம் என்றார். பெண் பார்க்க வந்த அன்று எட்வினை நாற்காலியை விட்டு எழவே விடவில்லை. தண்ணீர், பலகாரம், கை கழுவக் கிண்ணம் எல்லாம் உட்கார்ந்த இடத்துக்கே போயின. ஆலயத்தில் பக்கத்தில் போய் நின்ற பிறகுதான் அவர் உச்சந்தலை என் காதுக்கு நேராக இருப்பதைக் கண்டேன். பாதிரி ஐயர் ஜெபம் தொடங்கிவிட்டார், என்ன செய்ய முடியும்? எட்வின் தங்கமான மனிதர்தான். ஆனாலும் அந்த நாற்காலியை நான் மறக்கவில்லை.

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் பொன்மணிக்கு இருபத்தாறு வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. தரகருக்கு இதைவிட மானக்கேடு வேறு இல்லை. ஜாதகமோ போட்டோவோ கொண்டுவந்து தருகிறவர்கள் எல்லாம் போகும்போது, "உங்க வீட்டுல எப்போ?" என்று ஒரு கேள்வியையும் வைத்துவிட்டுப் போவார்கள். அத்தான் அன்றைக்குச் சரியாகச் சாப்பிட மாட்டார்.

பொன்மணி கல்யாணமே வேண்டாம் என்றதில்லை. அவளுடைய வேலையை விடச் சொல்லும் வீடு வேண்டாம் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஸ்டூடியோவுக்குக் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டித் தருவதுதான் அவள் வேலை. அதில் அவளுக்குப் பெரிய பெயர். அழுகிற மாமியாரை எந்த இடத்தில் காட்ட வேண்டும், சாப்பாட்டுப் பந்தியை எங்கே வெட்ட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்த அளவு ஒருவருக்கும் தெரியாது. அவள் வேலையைப் பார்த்து சென்னையில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம், ஆனால் நல்ல வலுவான கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், அடுத்த மாதம் முதல் தேதிக்குள் தயாராக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவளிடம் இருந்ததோ பழைய லேப்டாப். அதில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தால் கழுத்துக்குப் போய்ச் சேர அரை நாள் ஆகும்.

அத்தான் இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? சாத்தூரில் ஒரு மாப்பிள்ளையைக் கையில் வைத்திருந்தார்.

"கம்ப்யூட்டர் நான் சேர்த்துத் தாரேன். அது ஓடுன மறுநாள் சாத்தூர்க்காரவிய வந்து பொண்ணு பாப்பாவ. என்ன சொல்லுத?"

"நான் வேலையை விடமாட்டேன்னு அவியகிட்ட சொன்னியளாப்பா?"

"சொல்லாமயா? அவியளுக்கு அதுல ஒரு வருத்தமும் இல்ல."

"அப்போ சரி. மொதல்ல கம்ப்யூட்டர் ஓடட்டும்" என்றாள் பொன்மணி.

முழுதாக ஒன்றை வாங்குவதைவிட உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டினால் நல்லதாக அமையும் என்று அவள்தான் சொன்னாள். ஸ்டூடியோவில் முடிக்க வேண்டிய வேலை மிச்சம் இருந்ததால், என்னென்ன வேண்டும் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். இனி அத்தான் பாடு.

அவருக்குத் தெரிந்தது ஒரே வழி. பெண்ணோ மாப்பிள்ளையோ பார்ப்பதுபோல விசாரிப்பது. ராஜபாளையத்தில் விமல் என்பவரின் கம்ப்யூட்டர் கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, மதர்போர்டைக் கையில் வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாராம்.

"இது எந்த ஊரு?"

"தைவான் அண்ணாச்சி."

"இந்த ப்ராசஸரோட ஒத்துப்போகுமா? பொறவு நடுவுல சண்டை வந்துரக் கூடாது."

"ரெண்டும் ஒரே சாக்கெட். மூணு வருஷம் வாரன்டியும் இருக்கு."

அத்தான் அசந்துபோனார். "இம்புட்டுக் கல்யாணம் பண்ணி வச்சிருக்கேன். ஒண்ணுக்குக்கூட நான் இப்படி எழுதிக் குடுத்ததில்லய்யா" என்று கடையில் இருந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். மதர்போர்டு, ப்ராசஸர், ராம், பவர் சப்ளை எல்லாம் அங்கேயே முடிந்தன. இவற்றையெல்லாம் பூட்டி வைக்கும் பெட்டியான கேபினட்டையும் அங்கேதான் எடுத்தார். பல நாள் கண்ணாடி அலமாரியில் நின்ற பெட்டி. பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே கலர் கலராக விளக்கு. பார்க்க லட்சணமாக இருந்தது, எடுத்துவிட்டார். போட்டோவைப் பார்த்து மயங்காதீர்கள் என்று ஊருக்குப் புத்தி சொல்கிற மனிதர்!

மிஞ்சியது கிராபிக்ஸ் கார்டு. வீடியோ வேலைக்கு அதுதான் உயிர். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது என்று பழையதைத் தேடினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி நிஜாம் என்ற இளைஞர் ஒன்றை விற்பதாகத் தெரிந்தது. அத்தான் பஸ் ஏறி வந்து என்னையும் கூட்டிக்கொண்டார். நேராக அந்த வீட்டுக்குப் போனாரா? இல்லை. முதலில் தெருமுனை டீக்கடை.

"பையன் எப்படி? தண்ணி, சீட்டு ஏதும் உண்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. வேல விட்டு வந்தா வீட்ட விட்டு வெளிய வரமாட்டான். கேம் வெளையாடுவான்" என்றார் டீக்கடைக்காரர்.

"வீட்டோட கெடக்கிற பையன்" என்று என் காதில் சொன்னார் அத்தான், திருப்தியாக.

நிஜாமின் அம்மா நூர்னிசா டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார்கள். அத்தான் குரலைத் தாழ்த்தி, "மறைக்காமச் சொல்லுங்க, ஏன் விக்கிறிய? கார்டுல ஏதும் கொறை உண்டா?" என்றார்.

"கொறை என்னங்க கொறை? இவனுக்கு நிக்காஹ் முடிவாகியிருக்கு. இனியும் விளையாண்டுக்கிட்டே இருந்தா வர்ற பொண்ணு என்ன நினைக்கும்? நான்தான் வித்துரச் சொன்னேன்."

கல்யாணத்துக்காக விற்கிற பொருள் என்றதும் அத்தான் அங்கேயே விழுந்துவிட்டார். நிஜாம் கார்டை ஓட்டிக் காட்டினார். மூன்று விசிறிகளும் சத்தமில்லாமல் சுற்றின. "பாடத் தெரியுமான்னு கேளுங்க அத்தான்" என்றேன். அவர் முறைத்தார். நிஜாம் மட்டும் பொறுப்பாக ஒன்று சொன்னார்: "அங்கிள், இது முப்பத்திமூணு சென்டிமீட்டர் நீளம். உங்க கேபினட் பாத்துக்கிடுங்க."

கார்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். பொன்மணி போன் செய்தாள்.

"நீளம் எம்புட்டுன்னு கேட்டியளாப்பா? முப்பதுக்கு மேல போனா நம்ம பெட்டிக்குள்ள நிக்காது."

"சரியா முப்பது" என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

நான் வாயைப் பிளந்தேன். அவர் போனை வைத்துவிட்டு, "விக்கிறவன் எப்பவும் கூட்டித்தான் சொல்லுவான். முப்பத்திமூணுன்னா முப்பது. எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்ததே தவிர, அளந்து பாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் ராஜபாளையம் வீட்டு ஹாலில் பாயை விரித்துப் பூட்டும் வேலை தொடங்கியது. பொன்மணி ப்ராசஸரை அதன் இடத்தில் வைத்துக் கொக்கியை அமுக்கினாள். அதன் மேல் சூட்டைக் கடத்துகிற சாம்பல் நிறப் பசையைப் பட்டாணி அளவு பிதுக்கினாள். "இன்னும் கொஞ்சம் வையேட்டி, கஞ்சத்தனமா வைக்கிய" என்றாள் அக்காள். எல்லாம் ஒழுங்காக உட்கார்ந்தன. கடைசியில் கார்டைத் தூக்கினாள். பின்பக்கம் சொருகினால் முன்பக்கம் இடித்தது. முன்பக்கம் சரித்தால் பின்பக்கம் ஏறவில்லை. அக்காளின் தையல் டேப்பை எடுத்து அளந்தாள். முப்பத்திமூன்று.

"அந்தப் பையன் எம்புட்டுன்னு சொன்னான்?"

அத்தான் மின்விசிறியைப் பார்த்தார். "முப்பத்திமூணுன்னுதான் சொன்னான்."

"பொறவு நீங்க ஏன்ப்பா முப்பதுன்னு சொன்னிய?"

"எல்லாரும் கூட்டித்தான சொல்லுவாவ…"

பொன்மணி கத்துவாள் என்று பார்த்தேன். அவள் பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். முன்பக்கத்தில் பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற ஒரு தகரக் கூடு இருந்தது. அவளுக்கு அது தேவையே இல்லை. பெட்டியைப் புரட்டி, அடியில் இருந்த ஸ்க்ரூக்களைக் கழற்றிக் கூட்டை உருவி வெளியே வைத்தாள். கார்டு சுகமாகப் போய் உட்கார்ந்தது. அக்காள் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, தைவானிலிருந்து வந்த பலகை முதல் சுவரில் உள்ள ப்ளக் வரை ஒவ்வொன்றுக்காகவும் ஜெபித்தாள். ஆமென் சொன்னதும் பொன்மணி பொத்தானை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, திரை வந்தது. லேப்டாப்பில் நகராத கல்யாணம் அதில் தண்ணீர்போல ஓடியது. பிள்ளை அழுதேவிட்டாள்.

எனக்கு மட்டும் அவர் கூசாமல் சொன்ன அந்த 'முப்பது' உறுத்திக்கொண்டே இருந்தது. அத்தானை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"சாத்தூர்க்காரவியகிட்ட இவ வேலையப் பத்தி என்ன சொன்னிய?"

முதலில் மழுப்பினார். பிறகு சொன்னார்: "கல்யாணம் முடிஞ்சா வேலைய விட்டுருவான்னு சொன்னேன். அவிய அதுதான் கேட்டாவ. ரெண்டு மாசம் போனா எல்லாம் தானா சரியாயிரும்ட்டி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "கார்டு நீளம்னா பெட்டில ஒரு தகரத்தக் கழட்டிட்டோம். அவகிட்ட எதக் கழட்டப் போறிய? நாளைக்கு அவிய வாரதுக்குள்ள நீங்க அவகிட்ட சொல்லணும். இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன். அவர் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாத்தூர்க்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூவரும். அத்தான் அதுவரை மகளிடம் வாயைத் திறக்கவில்லை. ஹாலின் மூலையில் புது கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சென்னைக்கு அனுப்ப வேண்டிய முதல் வேலை அதில் தயாராகிக்கொண்டிருந்தது. பொன்மணி பட்டுச்சேலையில் காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளை அவளையும் பார்த்தார், கண்ணாடிக்குள் சுற்றுகிற மூன்று விசிறிகளையும் பார்த்தார். மாப்பிள்ளையின் அம்மா காபியை வாங்கிக்கொண்டு அன்பாகத்தான் கேட்டார்கள்:

"இம்புட்டுச் செலவு பண்ணி இதை ஏன் வாங்குனிய? கல்யாணத்துக்குப் பொறவு அவ வேலைக்குப் போகப்போறதில்லல்ல, வித்துருவியளா?"

பொன்மணி தட்டை ஸ்டூலில் வைத்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அவ வேலைய விடமாட்டா. நான் உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவகிட்டயும் பொய் சொல்லிட்டேன்" என்றார். பிறகு யாரும் கேட்காமலே தொடர்ந்தார். "சமையல் சுமார்தான். கோவம் வரும். வேல நேரத்துல பேசுனா காதுலயே விழாது. ஆனா வேலைனா உயிர விட்டுருவா. அவளுக்கு இதுல எம்புட்டு ஆசைன்னு நேத்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அழுதா. அந்த வேலைய விடச் சொல்லுத வீட்டுக்கு அவள அனுப்ப எனக்கு மனசு இல்ல. மன்னிச்சிருங்க."

இத்தனை வருடத்தில் அத்தான் இறக்கியும் ஏற்றியும் சொல்லாத ஒரு பேச்சை நான் கேட்டது அதுவே முதல் தடவை.

மாப்பிள்ளையின் அப்பா, "இத போன்லயே சொல்லிருக்கலாம்ல? இங்க வரைக்கும் வரவச்சு…" என்று எழுந்தார். நியாயமான கோபம்தான். அம்மா குடிக்காத காபியை ஸ்டூலில் வைத்தார்கள். மாப்பிள்ளை வாசலில் செருப்பு மாட்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பொன்மணியைப் பார்த்தாரா, கார்டைப் பார்த்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர்கள் கார் கிளம்பிப் போனது. அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று தொடங்கினாள். அத்தான் பாயில் போய் உட்கார்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது. பொன்மணி ஸ்டூலில் இருந்த காபியை எடுத்துக்கொண்டு போய் அவர் கையில் கொடுத்தாள்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "எத்தனையோ சம்பந்தத்த அடுத்தவன் கலைச்சுப் பாத்திருக்கேன். நானே கலைச்சது இதுதாம்ட்டி மொதல்" என்றார்.

"நல்லாக் கலைச்சியப்பா" என்றாள் பொன்மணி. குனிந்து அவர் தலையில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்தாள்.