சாய்வு மேசை

புருணையிலிருந்து நான் திரும்பிய அன்று மலாக்காவில் எங்கள் காஜா பெராங் பகுதியில் எல்லாரும் என்னிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

சாலைகளுக்கு வரைபடம் போடுவது என் வேலை. பதினெட்டு மாதத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்று புருணையிலிருந்து கேட்டார்கள். கல்யாணமாகாதவன் என்பதால் இலாகாவில் என் பெயரை எழுதி அனுப்பிவிட்டார்கள். நான் கப்பலேறும்போது மலாயா வெள்ளைக்காரர் கையில் இருந்தது. மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்ததை அங்கே வானொலியில்தான் கேட்டேன். திரும்பும்போது சிங்கப்பூரில் இறங்கி, மூவார் ஆற்றைப் பேருந்தோடு ஃபெரியில் கடந்து வந்தேன். புதுக் கொடி பறக்கும் இடமெல்லாம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ஏதோ அதைத் தவறவிட்டது என் குற்றம் என்பதுபோல.

சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. புருணையிலேயே இன்னும் மூன்று வருடம், உயர்ந்த பதவி, தனி வீடு. சம்மதமா என்று மாத முடிவுக்குள் எழுத வேண்டும். எனக்குப் பாதிக்கு மேல் சம்மதம்தான். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். அப்பா நகராட்சியில் சாலைக்குத் தார் ஊற்றுகிறவர்.

தெருமுனையில் நானாவின் மளிகைக் கடை. நாகூர்ப் பக்கத்துக்காரர், வயசு வித்தியாசமில்லாமல் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஊர்ப் பேச்சில் அண்ணன். எங்கள் தெருவுக்கு வரும் கடிதங்கள் அவர் கடைக்குத்தான் வரும். படிக்கத் தெரியாதவர்களுக்கு அவரே சத்தமாகப் படித்துச் சொல்வார். நான் அப்பாவுக்கு எழுதியதையும் அப்படித்தான் படித்தார்.

"வாங்க தம்பி! புருணைத் தண்ணி ஒத்துக்கல போல, கன்னம் ஒட்டிப் போச்சே. நம்ம மலாக்காத் தண்ணி மாதிரி வருமா?" என்றார். நான் உட்காருவதற்குள், "இங்க ஆபீஸ்ல வெள்ளைக்காரனெல்லாம் பெட்டி கட்டுறானாம் தம்பி. நாற்காலி எல்லாம் காலியாம். இனிமே உங்களை மாதிரிப் பிள்ளைங்க காலந்தான்" என்றார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த இன்னொருவர் புருணையில் முதலை ஜாஸ்தியாமே என்று கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

வீட்டில் அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே இருந்தாள். அப்பா சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பத்து பெரெண்டாம் ஊருக்குப் போற ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களாம். படம் போட ஆளில்லாமக் கெடக்காம்."

"அப்படியாப்பா?"

"அப்படித்தான் சொல்லிக்கிறாங்க."

சாப்பிட்டு முடித்ததும் வீட்டின் பின்புறம் அழைத்துப் போனார். பலகைச் சுவரும் தகரக் கூரையுமாகப் புதிதாக ஓர் அறை. அகலமான சன்னல். சன்னலுக்கு நேராக ஒரு மேசை. அதன் மேல்பலகை என்னை நோக்கிச் சாய்ந்திருந்தது.

"இது யாருக்கு ஆவும்னு கேளு," என்றாள் அம்மா. "சோத்துத் தட்டை வச்சா மடியில வந்து விழுது."

"அது சாப்பிடுறதுக்கு இல்ல" என்றார் அப்பா.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே ஒரு தடவை அப்பா என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறார். மறந்து விட்டுப்போன குடையைக் கொடுக்க. உள்ளே வரமாட்டேன் என்று சன்னலுக்கு வெளியே நின்றவர், என் வரைமேசையை அப்போது பார்த்திருக்கிறார். சாய்வு கொஞ்சங்கூடப் பிசகவில்லை. பாவம், நான் போகப் போவது தெரியாமல் இதைச் செய்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மேசை செய்த தச்சர் பென்சில் உருளாமலிருக்க விளிம்பில் ஒரு சட்டம் அடிக்க வந்தார். பக்கத்துச் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்புக்காரர், பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கும் தமிழ் வம்சம். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்தான், ஆனால் வீட்டுப் பேச்சு மலாய். ஆணியை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்:

"திகா தாஹுன் லாகி டி புருணை, பெத்துல் கா?"

இன்னும் மூன்று வருடம் புருணையில், உண்மையா என்கிறார். சமையல் பக்கம் அம்மாவின் அகப்பைச் சத்தம் நின்றது. யார் சொன்னது என்று மலாயில் கேட்டேன்.

"உன் அப்பாதான். மேசை செய்யச் சொன்ன அன்றைக்கே சொன்னாரே" என்றார் அவர், சாதாரணமாக.

நேரே நானா கடைக்குப் போனேன். என்னைக் கண்டதுமே அவர் எழுந்துவிட்டார்.

"தம்பி, நான் என்னத்தைக் கண்டேன்? ஒரே உறை, ஒரே கையெழுத்து."

இரண்டு மாதத்துக்கு முன் அப்பாவுக்கு எழுதிய உறையிலேயே, என் சிநேகிதனுக்கும் ஒரு தாள் மடித்து வைத்திருந்தேன். அவன் புக்கிட் ரம்பாயிலிருந்து அடிக்கடி கடைக்கு வருகிறவன், கொடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை. அவனுக்குத்தான் மூன்று வருட விஷயத்தை எழுதியிருந்தேன். நானா அதை அடுத்த பக்கம் என்று நினைத்துக் கடை முழுக்கக் கேட்கப் படித்திருக்கிறார்.

"'வீட்டில் சொல்லிவிடாதே'ன்னு வந்தப்பதான் நாக்கைக் கடிச்சேன். ஆனா அதையும் படிச்சு முடிச்சிட்டேன் தம்பி."

"அப்பா என்ன சொன்னாரு?"

"துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு. 'அவனா வாயைத் தொறக்குற வரைக்கும் இங்க யாரும் தொறக்கக் கூடாது'ன்னாரு. மறுநாள் பலகைக்கு ஆள் விசாரிச்சாரு."

அன்று மாலை அப்பா காலில் ஒட்டிய தாரை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"நான் போறது தெரிஞ்சுமா இதைச் செஞ்சீங்க?"

"போறதுன்னா போ. மேசை எங்க போவப் போவுது?" கொஞ்ச நேரம் துடைத்தார். "ரோட்டுல மேஸ்திரி காகிதத்தை விரிச்சுப் பாப்பாரு. யாரு போட்ட படமோன்னு நெனச்சுக்குவேன். ஒரு தடவையாச்சும், இது நம்ம பையன் போட்டதுன்னு நெனச்சுத் தார் ஊத்தணும். அவ்வளவுதான்."

புருணையில் நான் வரைந்த சாலைகளில் யார் தார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியாது. பதினெட்டு மாதத்தில் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த மேசையில் உட்கார்ந்து பதில் எழுதினேன். தாள் நழுவவில்லை, சட்டம் பிடித்துக்கொண்டது. மாலையில் தபால்தலை வாங்க நானா கடைக்குப் போனபோது அப்பாவும் அங்கே பெஞ்சில் இருந்தார். நானா தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இங்கிலீஷா? இதை நான் படிக்க முடியாதே!"

"விடுங்க நானா, தப்பிச்சான்" என்றது ஒரு குரல். "ரெண்டாவது தாள் இருந்தா அதையும் எடுக்கச் சொல்லுங்க" என்றது இன்னொன்று. கடையே சிரித்தது.

நானே தமிழில் படித்துச் சொன்னேன். தங்கள் அன்புக்கு நன்றி, என்னால் வர இயலாது, என் ஊரிலேயே எனக்கு வேலை இருக்கிறது, என்று. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"மேசையைப் பத்தி எழுதலியா?"

எழுதவில்லை. கடிதத்தைத் திரும்ப வாங்கி, நானாவின் கல்லாப் பலகையில் வைத்து, கையெழுத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: என் தந்தை எனக்கு ஒரு வரைமேசை செய்திருக்கிறார். அதையும் தமிழில் சொன்னேன்.

"சாய்வா இருக்குன்னு போட்டியா?"

"போடுறேன்ப்பா."

அதையும் எழுதி முடிக்கும்வரை நானா தபால்தலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.