பெரிய தெருவில் மணிச் சத்தம்

அந்தோணி மாமா சைக்கிள் மணியை அடித்தால் போதும், எங்கள் பண்ணையின் குருட்டுக் குதிரை காதை நிமிர்த்திக்கொண்டு அவர் பின்னாலேயே நடக்கும். எழுபது வயதில், சம்பளமே வாங்காமல், தினமும் வந்து அதை ஏரிக்கரைக்கு மேயக் கூட்டிப்போகிறார். அவர் சைக்கிளை மெதுவாக மிதிக்க, குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நானும் நடந்து போவேன்.

இன்று பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் அந்த மணிச் சத்தம் என்னை ஏழு வயதுக்கு இழுத்துப்போய்விட்டது.

அன்று காலில் கட்டோடு அவர் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் வெல்லம் காய்ச்சும் வாசனை. எங்கள் சேரி ஆட்கள் அந்தத் தெருமுனையிலேயே இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போவார்கள். என் அப்பாவும் அப்படித்தான். மாமா இறங்கவில்லை. மணியை அடித்துக்கொண்டே மிதித்தார்.

"டேய், எறங்குடா!" என்று ஒரு வாசலில் நின்றவர் கத்தினார்.

"புள்ளைக்குக் கால் முடியலைங்க. நீங்க கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

மறுநாள் காலையில் இரண்டு டயரும் கிழிந்து கிடந்தன. வேறு டயர் மாட்டிக்கொண்டு அதே தெருவில் அதே மணியோடு போனார். கேரியரில் நான்.

இன்று எங்களுக்குப் பின்னால் ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது.

"எறங்கி ஓரமா போயிடலாமா மாமா?" என்றேன். என் வாயிலிருந்தா அப்படி வந்தது!

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இன்னாத்துக்கு? அன்னிக்கே எறங்கல."

மணியை அடித்தார். குதிரை நடந்தது. ஏரிக்கரை வரைக்கும் அந்தக் கார் எங்கள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது.