பெயர் சொல்லாமல் போட்ட ஓட்டு

எனக்கு ஓட்டு இருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் எங்கள் துரைசானியம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், ரங்கூனில், ஏரிக்கரைப் பக்கம் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் நான் ஆயாவாக இருந்தேன். அவர்களுடைய பெண் குழந்தை பிறந்த பதினோராம் நாளிலிருந்து என் மடியில்தான் கிடந்தது. ஒருநாள் முனிசிபாலிட்டியிலிருந்து எனக்கு ஒரு சீட்டு வந்தது. வீட்டுவரிச் சீட்டாக்கும் என்று நினைத்து, என்ன எழுதியிருக்கிறது பாருங்கள் என்று அவரிடம் நீட்டினேன். அவர் படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார். இரண்டு வருஷமாகப் பார்க்கும் முகத்தை அன்றுதான் பார்ப்பதுபோல இருந்தது அவர் பார்வை.

“ஆயா, உனக்கு ஓட்டு!” என்றார்.

என் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். என் அப்பா துறைமுகத்தில் மேஸ்திரியாக இருந்தவர். கீழ்ரங்கூனில் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு கட்டினார். அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. மருமகன் மேல் நம்பிக்கையும் இல்லை. ஆகவே வீட்டை என் பெயருக்கே எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். வரி என் பெயரில் போய்க்கொண்டிருந்தது. பர்மாவுக்குப் புதிதாகச் சட்டசபை வந்தது. அதில் ரங்கூன் இந்தியர்களுக்கென்று இடம் ஒதுக்கினார்கள். ஆணோ பெண்ணோ, வீட்டுக்கு வரி கட்டுகிறவருக்கு ஓட்டு என்றும் சொல்லிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு தென்னை ஓலைகூடக் கிடையாது. அவருக்கு ஓட்டு இல்லை. எனக்கு வந்துவிட்டது.

துரைசானிக்கு அன்று வேறெதுவும் ஓடவில்லை. குழந்தை தூங்கியதும் என்னை அழைத்து, தோல் அட்டை போட்ட ஒரு பழைய புத்தகத்தைக் காட்டினார். பாதி இந்துஸ்தானி, பாதி இங்கிலீஷ், என்னிடம் பொறுக்கிய தமிழ் கொஞ்சம், இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்வோம். அது அவர் தாத்தா தொடங்கிய புத்தகம். அவர்கள் ஊர், கம்பளித் துணி நெய்கிற ஊர். அந்த ஊரிலிருந்து லண்டன் பார்லிமெண்டுக்கு ஒருவர் போகவேண்டும். முதலில் தாத்தாவும் பிறகு அப்பாவும் அதற்கு நின்றவர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் புத்தகத்தில் ஒரு வரி. யார் நின்றார், யார் ஜெயித்தார், எத்தனை ஓட்டில். முதல் பக்கங்களில் தாத்தா கையெழுத்து. பிறகு துரைசானியின் அப்பாவுடையது. அந்த மாதமே அங்கேயும் தேர்தல். அப்பா மறுபடியும் நிற்கிறார் என்றார்.

நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். அவ்வளவு பெரிய மனிதர், அவர் அப்பா, ஒரு சலவைக்காரி வீட்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பாராம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

“சலவைக்காரிகிட்ட என்ன கேப்பாரு?”

“ஓட்டு கேக்கும்.”

“அவ இல்லைன்னு சொல்லிட்டா?”

“தேங்க் யூ சொல்லும். அடுத்த வீடு போகும்.”

தாத்தா காலத்தில் ரகசிய ஓட்டு கிடையாதாம். தெருவில் பலகை அடித்து மேடை போட்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் ஏறி, தனக்கு வேண்டியவர் பெயரை ஊர் கேட்கச் சொல்லவேண்டும். நிலத்துக்காரருடைய கணக்குப்பிள்ளை கீழே நின்று யார் யாருக்குச் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்வான். மாற்றிச் சொன்னவன் குடியிருக்கும் வீட்டை இழப்பான். ஒரு தேர்தலில் தாத்தாவுக்கும் எதிராளிக்கும் சமமாக வந்து, மாலையில் செருப்பு தைக்கிற ஒருவர் மேடை ஏறினார். அந்தச் செருப்புத் தைப்பவர் தாத்தாவின் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். கணக்குப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த இன்னொருவர் எதிராளி பெயரைச் சொன்னார். அந்த ஒரே ஓட்டில் தாத்தா தோற்றார். சில வருஷம் கழித்துச் சட்டம் மாறி, ரகசியமாக ஓட்டுப் போடப் பெட்டி வந்தது. அன்று விடியும்போதே கதவுக்கு முன்னால் நின்ற முதல் ஆள் அந்தச் செருப்புத் தைப்பவராம்.

“உங்க அம்மா?” என்று கேட்டேன்.

“நாலு வருஷமா அம்மாக்கு இருக்கு. முப்பது வயசு ஆனா பெண்ணுக்கு ஓட்டு. எனக்கு இருபத்தாறு.” புத்தகத்தை மூடினார். “அங்கேயும் எனக்கு இல்ல, ஆயா. இங்கேயும் இல்ல.”

அன்று படுக்கும்போது தீர்மானம் செய்துகொண்டேன். எது நடந்தாலும் என் ஓட்டைப் போட்டுவிடவேண்டும். அந்தச் செருப்புத் தைப்பவரைப்போல இறங்கி வரக்கூடாது.

ஓட்டுப்போடும் நாள் வந்தது. பள்ளிக்கூடம் ஒன்றில் இரண்டு கதவுகள். ஒன்று பர்மியர்களுக்கு, ஒன்று நமக்கு. வெளியே சில பர்மியப் பிள்ளைகள், வெள்ளைக்காரன் கொடுத்த இந்த ஓட்டு வேண்டாம், திரும்பிப் போங்கள் என்று வருகிறவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பட்டுச் சேலை கட்டி, அப்பா போட்ட காசுமாலையோடு போயிருந்தேன். எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான் பெண். முன்னால் நின்றவர் எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் பாய்.

“என்ன தங்கச்சி, மச்சானைத் தேடி வந்தியா?”

“ஓட்டுப் போட வந்தேன், பாய்.”

“நீயா? அப்ப மச்சான்?”

“அவருக்கு ஓட்டு இல்ல.”

வரிசை முழுக்கச் சிரித்தது. “இனிமே சோறும் அவர்தான் வடிப்பாரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “இப்பவும் அவர்தான் வடிக்கிறார், எனக்கு வேலை இருக்கில்ல?” என்றேன். சிரிப்பு அடங்கியது.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு தமிழ் எழுத்தர். என் பெயர் கேட்டார், சொன்னேன். கதவு எண் கேட்டார், சொன்னேன்.

“புருஷன் பேரு?”

நான் நின்றேன்.

“கேக்குதா? புருஷன் பேரு என்ன?”

இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அது வேடிக்கை இல்லை. கட்டினவர் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று சொல்லி வளர்த்தார்கள். அவரோ தினமும் ஆற்றின் மேல் பிழைப்பவர். அக்கரையிலுள்ள சிரியம் என்ற ஊருக்கும் ரங்கூனுக்கும் நடுவே ஓடும் நீராவிப் படகில் கயிறு வீசும் வேலை.

“அதுலயே எழுதியிருக்குமே சாமி. நீங்களே படிச்சுக்குங்க.”

“எனக்குப் படிக்கத் தெரியும்மா. நீ நீதான்னு எனக்குத் தெரிய வேணாமா? நீதான் சொல்லணும்.”

பாய் திரும்பினார். “ஐயா, அந்தப் பொண்ணு சொல்லாது. எனக்குத் தெரியும், நான் சொல்றேன்.”

“யாரும் சொல்லக்கூடாது!” வேட்பாளர் ஒருவரின் ஆள் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்தான். “ஆள்மாறாட்டம்! நான் புகார் எழுதிக் கொடுப்பேன்!”

மேலதிகாரி வந்தார். வயதான பர்மியர். விஷயத்தை எழுத்தர் விளக்கினார். அவருக்குப் பிடிபடவில்லை. “வீட்டில் சண்டையா?” என்று கேட்டார். அப்போது பக்கத்துக் கதவில், கன்னத்தில் தனாக்கா மரச் சாந்து பூசிய ஒரு பர்மிய அம்மாள், சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தன் புருஷன் பெயரை மீன் விற்பதுபோலக் கூவிச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நெஞ்சுரம் அது! ஆனால் என் நாக்கு அசையவில்லை.

அதிகாரி யோசித்தார். “புருஷன் நேரில் வந்து தன் பெயரைச் சொல்லி, இவள் என் மனைவி என்று சொல்லட்டும். ஐந்து மணிக்குக் கதவை மூடுவோம்” என்றார்.

தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நானும் வாயைத் திறந்து, மூடி, இறங்கி வந்துவிட்டேன்.

துரைசானி தம் வீட்டு வாசலிலேயே காத்திருந்தார். சொன்னேன்.

“ஒரு பேர்! ஒரே ஒரு பேர், ஆயா!”

எனக்கும் கோபம் வந்தது. “உங்களுக்கு வர்ற கடிதாசு எல்லாத்துலயும் துரை பேரைத்தானேம்மா எழுதறாங்க, முன்னால மிசஸ்ஸுன்னு போட்டு? உங்க பேரு எங்க போச்சு?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். “எனக்கு அவர் பேர் தவிர வேற பேர் இல்ல. உனக்கு அந்தப் பேர் வராது.” சிரிப்பு நின்றதும் மெதுவாகக் கேட்டார்: “உன் ஆள் எங்கே?”

“ஆத்துல. நாலரைக்குப் படகு வரும்.”

கோச்சு வண்டியைப் பூட்டச் சொன்னார். குழந்தையைச் சமையல்காரர் மனைவியிடம் விட்டுவிட்டு அவரும் ஏறிக்கொண்டார். படித்துறையில், எண்ணெய் நாற்றத்திலும் கூலிகள் கூச்சலிலும், ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி என் பக்கத்தில் குடை பிடித்து நின்றார். நீர் வற்றும் நேரம். படகு மணல்திட்டைச் சுற்றி மெல்ல ஊர்ந்து வந்தது. நாலரை தாண்டிவிட்டது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

கயிறு வீச எழுந்த என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரையும் கண்டதும் வெளிறிப்போனார்.

“என்ன, வீடு எரிஞ்சுபோச்சா?”

“இல்ல. உங்க பேரு வேணும்.”

“என் பேரா? எதுக்கு?”

வண்டி போகும்போதே சொன்னேன். அவர் வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “ஓட்டு உனக்கு, பேரு மட்டும் என்னுது. உங்கப்பன் பண்ணிவச்ச வேலை இது” என்று பின்னால் திரும்பாமலே முணுமுணுத்தார். ஆனால் வண்டிக்காரரிடம், “இன்னும் வேகமா விடுங்கண்ணே” என்று சொன்னதும் அவர்தான்.

கதவை மூடக் கை வைத்திருந்தார்கள். ஓட்டு இல்லாதவர் உள்ளே வரக்கூடாது, வாசற்படியிலேயே நின்று சொல்லட்டும் என்றார் அதிகாரி. என் வீட்டுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். ஆற்று நடுவிலிருந்து படித்துறைக்குக் கேட்கும்படி கூவிப் பழகிய குரல் அது. தன் பெயரைச் சொன்னார். பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்த புறாக்களெல்லாம் பறந்தன.

“இவ என் பெண்டாட்டி!” என்றார் அடுத்து.

“நீதான் புருஷன்னு என்ன சாட்சி?” என்று விடாமல் கேட்டான் அந்த வேட்பாளரின் ஆள்.

“பன்னெண்டு வருஷமா நான்தான். வேற எவனும் இந்த வேலைக்கு வரல.”

அதிகாரி சிரித்துவிட்டார். எழுத்தர் குறித்துக்கொண்டு, ஒரு காகிதத்தை என்னிடம் கொடுத்தார்.

திரைக்குப் பின்னால் நான் தனியாக நின்றேன். ஒரு மேஜை. நூலில் கட்டிய ஒரு பென்சில். காகிதத்தில் இரண்டு பெயர்கள். அப்போது எனக்கு எழுத்துத் தெரியாது. எந்த வரி யாருடையது என்பதை மட்டும் கேட்டு மனசில் வைத்திருந்தேன். வெளியே வாசற்படியில் என் வீட்டுக்காரர். அதற்கும் வெளியே, தெருவில், வண்டியில் துரைசானி. அவர் தாத்தாவும் அப்பாவும் பார்லிமெண்டில் உட்கார்ந்தவர்கள். அவருக்கு ஓட்டு இல்லை. என்னைக் கட்டியவருக்கு ஓட்டு இல்லை. குழந்தைக்குக் கால் கழுவிவிடும் இந்தக் கைக்கு இருந்தது. கோயிலில் திரை விலகும்போது உடம்பு சிலிர்க்குமே, அப்படிச் சிலிர்த்தது. அங்கே சாமி இல்லை, பென்சில்தான் இருந்தது. இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குறி போட்டேன்.

வெளியே வந்ததும் துரைசானி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். தெருவில், எல்லோரும் பார்க்க. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, வேறெந்த வெள்ளைக்காரரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில்லை.

“யாருக்குப் போட்ட?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அது ரகசியம்.”

“பேரைக் கொடுத்தவன் நானு!”

“பேரைக் கொடுத்தீங்க. ஓட்டைக் கேக்காதீங்க.”

சில நாள் கழித்துச் சீமையிலிருந்து தந்தி வந்தது. துரைசானியின் அப்பா தோற்றுப்போனார். எங்கள் இடத்தில் நான் குறி போட்டவரும் ஜெயிக்கவில்லை. துரைசானி கொஞ்சம் அழுதார். பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்து, அப்பா தோற்ற வரியைத் தன் கையால் எழுதினார். எழுதியவர் நிறுத்தாமல் அதன் கீழேயே இன்னொரு வரி எழுதி எனக்குப் படித்துக் காட்டினார். ரங்கூனில் இன்ன பெயருடைய ஆயா ஓட்டுப் போட்டார் என்று. என் பெயரை எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் காட்டினார். அத்தனை வருஷத்துத் தேர்தலில் அந்தப் புத்தகத்தில் ஏறிய முதல் பெண் பெயர் அதுதானாம்.

அவர்கள் ஊர் திரும்பும்போது புத்தகமும் கப்பலேறிப் போய்விட்டது. முப்பது வயதானதும் அவரும் தம் ஊரில் ஓட்டுப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த இரண்டு தேர்தலுக்கும் என் வீட்டுக்காரர் கூப்பிடாமலே வந்தார். லீவு போட்டு, வெள்ளைச் சட்டை மாட்டி, அது ஏதோ தனக்குக் கிடைத்த உத்தியோகம்போல வாசற்படியில் நின்று தன் பெயரைக் கூவினார். ஒவ்வொரு முறையும் வீடு வரும்வரை, யாருக்குப் போட்டாய் என்று கேட்டுக்கொண்டே வருவார். கடைசிவரை நான் சொல்லவில்லை. இன்று எனக்குக் கொஞ்சம் எழுத்துக் கூட்ட வரும். அவர் பெயரில் நாலே எழுத்துதான், எழுதிவிடலாம். எழுதமாட்டேன்.