எறும்பு ஏறிய கட்டில்

திருப்போரூர் அருகே ஒரு முதியோர் இல்லத்துக்கு ஆய்வுக்குப் போனபோது மேலாளரும் சமையல்காரம்மாவும் இருந்தார்கள், நர்ஸ் இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்து அரசு வேலைக்கு வந்தவன் நான். பளபளத்த தரையையும் புதுப் போர்வைகளையும் பார்த்து, எல்லாம் திருப்தி என்று எழுதப் போனேன். அப்போதுதான் ஒரு தாத்தா படுத்திருந்த கடைசிக் கட்டிலின் காலில் எறும்புகள் வரிசையாக ஏறுவதைக் கண்டேன்.

"இன்னா தாத்தா, ஸ்வீட்டு ஒளிச்சு வச்சிகினு கீறீங்களா?" என்று கேட்டேன்.

"நான்தான் ஸ்வீட்டு நைனா. சக்கர ஒடம்பு. திருப்பிப் பாரு."

"வேணாம் சார், அவரு தூங்கட்டும்" என்றார் மேலாளர்.

நானும் சமையல்காரம்மாவும் அவரைத் திருப்பினோம். முதுகெங்கும் படுக்கைப்புண், அதில் எறும்புகள். உடனே செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தும் அவர் பிழைக்கவில்லை.

இப்போதெல்லாம் எந்த இல்லத்துக்குப் போனாலும் படுத்திருப்பவர்களின் முதுகைத்தான் முதலில் பார்க்கிறேன். தரையைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான்.