அறைவாசல் ஒத்திகை

கோர்படி கலையரங்கத்தை இடிக்கப்போவதாகச் சொல்லிப் பூட்டியபோது, அங்கே தமிழ் நாடகம் போட்டுவந்த நர்ஸ் ஸ்டெல்லா அக்கம்பக்கத்தாரைத் திரட்டி மனு கொடுத்தாள். மாநகராட்சியின் மராத்தி அதிகாரி பேந்த்ரே, "அடுத்த திங்கள் வாங்க" என்று ஹிந்தியில் சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டினார்.

ஸ்டெல்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வர்றோம் சாப். ஒத்திகையும் இனி இங்கேதான்!" என்று ஹிந்தியில் வெடித்தாள். அன்றிலிருந்து திங்கள்தோறும் அவர் அறைவாசலில் வாள்சண்டையும் ஒப்பாரியும் நடந்தன. காதைப் பொத்திப் பொத்திச் சலித்த மனிதர், 1998 தீபாவளிக்கு முன் சாவியை நீட்டினார். "அங்கே போய்க் கத்துங்கம்மா!"

திறப்பு விழாவிலும் அதே நாடகம்தான். உட்கார இடமில்லை. ராஜா வேஷம் கட்டிய வெல்டர் சவரிமுத்து வசனம் மறந்து விழித்தான். ஸ்டெல்லா தாளைப் புரட்டுவதற்குள், முன்வரிசையிலிருந்து தமிழே தெரியாத பேந்த்ரே கணீரென்று எடுத்துக்கொடுத்தார்: "கோட்டைக் கதவைப் பூட்ட நீ யாரடா?"